குமரி வெக்கையில் நாயை அவிழ்த்துவிடும் முன்

சூசி என்னுடைய கறுப்பு லேப்ரடார். இப்போது வயது ஏழு. அவளுக்கு ஐந்து வயது இருக்கும்போது, சித்திரை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், சாயங்காலம் ஐந்தேகால் மணிக்கு, கன்னியாகுமரி மாவட்டத்து வேர்க்கிளம்பிப் பக்கத்தில் என் கொழுந்தனின் விளையில், அதாவது தென்னந்தோப்பில், அவளை அவிழ்த்துவிட்டேன். வெயில் தாழ்ந்திருந்தது. தென்னைகளின் நிழல் விளை முழுக்க நீண்டு கிடந்தது. பக்கத்து வீட்டுப் பையனின் ராஜபாளையம் நாயோடு சேர்ந்து இருபத்தைந்து நிமிடம் ஓடினாள். பிறகு கிணற்றடிக்கு வந்தவள், பின்னங்கால் இரண்டும் பின்னிக்கொள்ள, அப்படியே சரிந்தாள். வாயிலிருந்து நூல் நூலாக எச்சில். ஈறும் நாக்கும் செங்கல் நிறம். நான் முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவள், கைப்பையில் தெர்மாமீட்டர் எப்போதும் கிடக்கும். வைத்துப் பார்த்தேன். 106.3 டிகிரி.

நாய்க்குச் சாதாரணச் சூடே 101-இலிருந்து 102.5 ஃபாரன்ஹீட் வரை. நம்மைவிடக் கூடுதல்தான். ஆனால் 105-ஐத் தாண்டினால் அது வெப்பத் தாக்கு. குடல், சிறுநீரகம், மூளை என்று ஒவ்வொன்றாகக் கெடத் தொடங்கும். சூசி பிழைத்தாள், கிணற்று வெள்ளத்தால் பிழைத்தாள் (எங்கள் பக்கம் தண்ணீரை வெள்ளம் என்போம்). அதைப் பிறகு சொல்கிறேன்.

களைத்தால் அவளே ஓடுவதை நிறுத்திவிடுவாள் என்று அன்று நினைத்திருந்தேன். நிறுத்த மாட்டாள். கூட ஓட இன்னொரு நாய் இருக்கும்வரை, விழும்வரைக்கும் ஓடுகிற நாய்கள் நிறைய உண்டு. லேப்ரடார் அதில் முதல் வரிசை. எப்போது நிறுத்துவது என்பதை வெளியே நிற்கிற நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதுவும் நாய் நன்றாக இருக்கும்போதே, இன்னும் ஓட ஆசைப்படும்போதே. நான் இங்கே எழுதுகிற மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

பெரிய ஊர்களில் நாய்களை அவிழ்த்துவிட என்றே வேலி போட்ட பூங்காக்கள் வந்திருக்கின்றன. ஹைதராபாத் கொண்டாபூரில் மாநகராட்சி 2018-ல் அப்படி ஒன்றைத் திறந்தது, ஒரு ஏக்கருக்கு மேல். என் மகள் அங்கே வேலையில் இருந்தபோதுதான் அப்படி ஒன்று உண்டு என்றே எனக்குத் தெரிந்தது. எங்களுக்கு வாய்த்தது 60 சென்ட் விளை. மரச்சீனியை, அதாவது மரவள்ளிக் கிழங்கை, பன்றி தோண்டுகிறது என்று கொழுந்தன் சுற்றிலும் ஐந்தடிக் கம்பிவலை அடித்தார். அப்புறம் மரச்சீனி போடுவதை விட்டுவிட்டார், வலை மட்டும் நின்றது. இப்போது ஞாயிறு காலையில் ஆறு வீட்டு நாய்கள் அங்கே வருகின்றன. உங்களிடமும் இப்படி ஒரு விளையோ, சுற்றுச்சுவர் உள்ள காலி மனையோ இருக்கலாம். வெளியூர்ப் பூங்கா ஒன்றுக்கே நாயைக் கொண்டு போகிறவராகவும் இருக்கலாம். முறை ஒன்றேதான்.

வெக்கை என்பது வெயில் மட்டும் இல்லை

நாய்க்கு உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தின் அடியில் கொஞ்சம் வேர்க்கும், அவ்வளவுதான். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற ஒரே பெரிய வழி நாக்கை நீட்டி இளைப்பது. மூச்சுக் காற்று நாக்கின் ஈரத்தை ஆவியாக்கி, கூடவே சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். சுற்றியுள்ள காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த எச்சில் ஆவியாகாது. மழைக்காலத்தில் கொடியில் போட்ட துணி காயாமல் கிடக்கிறதே, அதே கதைதான். நாய் இளைத்துக்கொண்டே இருக்கும், சூடு மட்டும் இறங்காது.

அதனால் நம் மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு. தோவாளை, ஆரல்வாய்மொழிப் பக்கம் ஆனி, ஆடியில் கணவாய்க் காற்று வீசும்போது வெயில் அடித்தாலும் நாய்க்கு மூச்சு ஆறும். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. கல்குளம், விளவங்கோடு பக்கம் நேர் எதிர். ரப்பரும் தென்னையும் சூழ்ந்த விளைகளில் காற்று அசையாது. அங்கே 31 டிகிரி செல்சியஸ், ஆரல்வாய்மொழியின் 35-ஐவிட நாயை அதிகம் வாட்டும். செல்போனில் வெப்பநிலையை மட்டும் பார்க்காதீர்கள், ஈரப்பதத்தையும் பாருங்கள். அதைவிட எளிய வழி ஒன்று உண்டு. விளைக்குள் போய் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள். நின்ற நிலையிலேயே உங்கள் முதுகில் சட்டை ஒட்டினால் அன்று ஓட்டம் வேண்டாம். நாயைக் கயிற்றோடு மோப்பம் பிடிக்க விட்டு ஒரு சுற்று சுற்றிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

எல்லோரும் சாயங்காலத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள், வெயில் போய்விட்டது என்று. நானும் அப்படித்தான் போனேன். ஆனால் பகல் முழுக்கச் சூடேறிய மண், சுவர், பாறை எல்லாம் அந்த நேரத்தில்தான் சூட்டைத் திருப்பிக் கக்கும். நாயின் வயிறு தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கிறது. நம் முகத்துக்கு வரும் காற்று வேறு, அதன் வயிற்றுக்கு வரும் காற்று வேறு. காலையில் காற்றில் ஈரம் அதிகம் என்பது உண்மைதான். ஆனாலும் மண் ராத்திரி முழுக்க ஆறிக் கிடக்கும், வெயிலின் சுமையும் இல்லை. மாசியிலிருந்து வைகாசி வரை நாங்கள் காலை ஆறு மணிக்கு நுழைகிறோம், ஏழேகாலுக்கு எல்லா நாயும் கயிற்றில் இருக்கும். ஞாயிறு கோவிலுக்கோ சர்ச்சுக்கோ போக வேண்டியவர்களுக்கும் அது தோதாக இருக்கிறது.

கோடை மழை பெய்து ஓய்ந்த மறுநிமிடம் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அவிழ்த்துவிடாதீர்கள். பெய்த மழை சூடான மண்ணிலிருந்து ஆவியாகக் கிளம்பும் அந்த ஒரு மணி நேரப் புழுக்கம்தான் நாய்க்கு மிகவும் கெட்டது. சித்திரை, வைகாசியிலும் ஐப்பசியிலும் பிற்பகலில் இடி இடிக்கும். முதல் இடிச் சத்தத்திலேயே விளையை விட்டு வெளியேறுங்கள். உயர்ந்து நிற்கும் தென்னையில் மின்னல் விழுவது நம் ஊரில் எல்லோரும் பார்த்ததுதான்.

தரையைச் சோதிக்கப் புறங்கையை வைத்து ஏழு வரை எண்ணுங்கள். எண்ணி முடிக்க முடியவில்லை என்றால் நாயின் பாதத்துக்கும் அது ஆகாது. நிழலில் கிடக்கும் செம்மண் பெரும்பாலும் தாங்கும். சரல் (சரளைக்கல்) கொட்டிய முற்றமும், கொப்பரை காயப்போடும் சிமென்ட் களமும்தான் ஆபத்து. விளைக்குப் போகும் தார் ரோட்டையும் மறந்துவிடாதீர்கள். போகும்போது ஆறியிருக்கும், திரும்பும்போது கொதிக்கும்.

யாரைக் கூட்டிப் போகலாம்

பக், ஷீட்சூ, புல்டாக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு இளைக்கவே மூச்சு போதாது. எங்கள் கூட்டத்தில் ஒரு பக் இருக்கிறான். அவன் வருவான், மோந்து பார்ப்பான், ஐந்து நிமிடம் நடப்பான். மற்ற நேரம் ஈரத் துண்டு விரித்த நிழலில் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அதுவே திருவிழா. ஜெர்மன் ஷெப்பர்டு, பொமரேனியனின் இரட்டை ரோமத்தைச் சூட்டுக்குப் பயந்து மொட்டை அடித்துவிடாதீர்கள். மேல்முடி வெயிலைத் தடுக்கிறது. உள்ளே உதிர்ந்து சிக்கிக் கிடக்கும் முடியைச் சீவி எடுத்தால் போதும். ராஜபாளையத்தின் வெள்ளை ரோமத்துக்குக் கீழே தோல் இளஞ்சிவப்பு, மூக்கும் காது நுனியும் வெயிலில் எளிதில் பொசுங்கும். கூடவே, அந்த இனத்தில் பிறவியிலேயே காது கேளாத நாய்கள் உண்டு. கூப்பிட்டால் வராத நாயை அடம் பிடிக்கிறது என்று அடிப்பதற்கு முன்பு முதுகுக்குப் பின்னால் கைதட்டிப் பாருங்கள். சிப்பிப்பாறை, கன்னி இரண்டும் வேட்டைக்கென்று வளர்ந்தவை. கீரி ஒன்று வேலிக்கு அந்தப்பக்கம் ஓடினால் இந்த நாய்கள் ஐந்தடி வலையைத் தாவிக் கடந்துவிடும். அவற்றுக்கு ஆறடியாவது வேண்டும், இல்லையென்றால் நீளக் கயிறு கட்டி விடுங்கள்.

நாட்டு நாய் சூட்டைத் தாங்கும் என்பார்கள். மற்றவற்றைவிடக் கொஞ்சம் தாங்கும். ஏசி அறையில் வளர்ந்த நாட்டு நாயும் சீமை நாய் மாதிரிதான். ஒரு நாயின் உடம்பு வெக்கைக்குப் பழக ஒன்றிரண்டு மாதம்கூட ஆகும். முதல் வாரம் பத்து நிமிடத்துக்கு மேல் கூடாது.

தடுப்பூசி இல்லாத நாய்க்கு வேலிக்குள் இடமில்லை. இதில் மட்டும் எனக்கு இரக்கமே கிடையாது. வெறிநாய்க்கடி ஊசி மூன்று மாத வயதில் தொடங்கி, பிறகு மருத்துவர் சொல்லும் கணக்கில் தவறாமல். பார்வோ, டிஸ்டம்பர், எலிக்காய்ச்சல் எல்லாம் சேர்ந்த கூட்டு ஊசியும் வேண்டும். பார்வோ கிருமி நிழலான மண்ணில் மாதக்கணக்கில் சாகாமல் கிடக்கும். அதனால் குட்டிகளுக்கு எல்லாத் தவணையும் முடிந்து இரண்டு வாரம் ஆகும்வரை கொண்டு வரவேண்டாம், கிட்டத்தட்ட நாலரை மாதம். பருவத்தில் இருக்கும் பெண் நாயை மூன்று வாரம் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒருத்தி வந்தால் மற்ற ஆறும் சண்டைக்காரர்களாகிவிடும்.

நாய்க்கு முன்னால் நாம்

முதலில் நாய் இல்லாமல், அல்லது கயிற்றோடு, வேலியை ஒட்டி ஒரு முழுச்சுற்று நடக்க வேண்டும். நான் ஒரு மூங்கில் கழியைத் தரையில் தட்டிக்கொண்டே போவேன். நம் விளைகளில் கண்ணாடி விரியனும் நாகமும் உண்டு. ஓலைக் குவியலும் கதம்பைக் (தேங்காய் மட்டை) குவியலும் அவற்றுக்குப் பிடித்த இடங்கள். நாய் மூக்கை முதலில் நுழைப்பதும் அங்கேதான். குவியல்களை வேலிக்கு வெளியே போட்டுவிடுங்கள். வேலியின் அடியில் பெருச்சாளி தோண்டிய பள்ளம் இருந்தால் கல் வைத்து அடைக்க வேண்டும். சூசியின் தோழி ஒருத்தி, ஒன்பது கிலோ நாட்டு நாய், அப்படி ஒரு பள்ளம் வழியாக ரோட்டுக்குப் போய்விட்டாள். அரை மணி நேரம் தேடினோம்.

தலைக்கு மேலும் பாருங்கள். தேங்காய் முற்றிய மரங்களின் கீழே நாய்களைக் கூட்டமாக நிற்கவிடக் கூடாது. கொழுந்தனிடம் சொல்லி, நாங்கள் பயன்படுத்தும் பகுதியில் முன்னதாகவே தேங்காய் வெட்டிவிடச் செய்திருக்கிறோம். சக்கைப் பழம், அதாவது பலாப்பழம், பழுக்கும் காலத்தில் கீழே விழுந்து உடைந்த சக்கையைப் பொறுக்கி அகற்ற வேண்டும். சுளை கெடுதல் இல்லை, கொட்டையும், குழைந்த ரகமான கூழைச் சக்கையின் நாரும் குடலில் அடைக்கும். மரச்சீனி இலையும் பச்சைக் கிழங்கின் தோலும் விஷம். ஆடு தின்று செத்த கதை எல்லா வீட்டிலும் இருக்கும், நாய்க்கும் அதே சயனைடுதான். வேலிக்கு அழகாக அரளி நட்டிருந்தால் பிடுங்குங்கள். பக்கத்தில் ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகை இருந்தால் அங்கே ரப்பர் பாலை உறையவைக்க வைத்திருக்கும் ஆசிட் தண்ணீர் இருக்கும். தாகத்தில் இருக்கும் நாய்க்கு அது வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும். அந்தக் கொட்டகைக்குக் கதவு இல்லையென்றால் அந்தப் பக்கம் தனியாக ஒரு வலை அடித்துவிடுங்கள்.

வாசலுக்கு இரண்டு கேட் வேண்டும், ஒன்றன்பின் ஒன்றாக. இடையில் ஒரு ஆளும் ஒரு நாயும் நிற்கிற அளவு இடம். ஒன்றை அடைத்த பிறகே மற்றதைத் திறக்கலாம். எங்களிடம் இரும்புக் கேட் ஒன்றுதான் இருந்தது. உள்ளே எட்டடி தள்ளி மூங்கில் படல் ஒன்றைக் கட்டிக்கொண்டோம். செலவு பெரிதில்லை, பயன் மிகப் பெரிது.

கயிற்றை அவிழ்ப்பதும் அந்த இடைவெளியிலேயே. உள்ளே கொண்டுபோய், மற்ற நாய்கள் சூழ்ந்து நிற்கும்போது அவிழ்க்கக் கூடாது. சுற்றிலும் எல்லாம் அவிழ்ந்திருக்க, தான் மட்டும் கட்டுண்டு நிற்கிற நாய் பயப்படும். ஓட முடியாத பயம் பல்லைக் காட்டும். அதே சமயம் உள்ளே இருப்பவர்கள் தங்கள் நாய்களைக் கூப்பிட்டுக் கேட்டிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். புதிதாக வருகிற ஒன்றை ஐந்தாறு சேர்ந்து வாசலிலேயே மோந்தால் அது நல்ல அறிமுகம் ஆகாது. இழுத்தால் இறுகும் சங்கிலி, முள் வைத்த பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். விளையாட்டில் இன்னொன்றின் பல் அதில் மாட்டினால் இரண்டுக்கும் ஆபத்து. போன் நம்பர் எழுதிய மெல்லிய துணிப் பட்டை மட்டும் போதும். வாயை இறுக்கிக் கட்டும் வாய்க்கட்டு போட்டுக்கொண்டு இந்த வெக்கையில் ஓடவிடவே கூடாது. இளைக்க முடியாத நாய்க்குச் சூடு இறங்க வழியே இல்லை.

சாப்பாடு ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிந்திருக்க வேண்டும். நாங்கள் காலையில் வெறும் வயிற்றோடுதான் கூட்டி வருகிறோம். பந்து, எலும்பு, பிஸ்கட் எதுவும் உள்ளே வரக்கூடாது. சண்டை மூளுவது பெரும்பாலும் அவற்றுக்காகத்தான்.

பத்து நிமிடக் கணக்கு

அவிழ்த்துவிட்டதும் மணியைப் பாருங்கள். எட்டு முதல் பத்து நிமிடம் ஓட்டம். பிறகு கூப்பிட்டுக் கயிறு மாட்டி நிழலில் உட்கார வைக்க வேண்டும். வாய் மூடி மூச்சு விடும்வரை காத்திருங்கள், எங்கள் பக்கம் அதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. பிறகு இன்னொரு சுற்று. மொத்தம் மூன்று சுற்று, பங்குனி சித்திரையில் இரண்டு. பையன்களுக்கு இது பிடிக்காது. "சிஸ்டர், அவன் இப்பதான் சூடு பிடிச்சிருக்கான், இன்னும் கொஞ்சம் ஓடட்டுமே" என்பார்கள். சூடு பிடித்துவிட்டது என்பதால்தான் நிறுத்தச் சொல்கிறேன் என்பேன்.

மணி பார்ப்பதோடு நாக்கையும் பாருங்கள். சாதாரணமாக இளைக்கும் நாயின் நாக்கு நீளமாக, நேராகத் தொங்கும். சூடு ஏறஏற அதன் நுனி அகன்று, கரண்டி மாதிரி மேல்நோக்கி வளையும். கண்ணோரம் இறுகும், வாயின் ஓரங்கள் காதை நோக்கி இழுபடும். இதைக் கண்டால் பத்து நிமிடம் ஆகவில்லை என்றாலும் நிறுத்துங்கள். ஓடுகிற நாய் நடுவில் நிழலைத் தேடிப்போய்ப் படுத்து, இன்னொரு நாய் கூப்பிட்டதும் எழுந்து ஓடுகிறதே, அது தெம்பு வந்து எழுந்தது இல்லை. தோழன் கூப்பிட்டதற்காக எழுந்தது.

கூப்பிட்டால் வருகிற பழக்கத்தை வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிவிட வேண்டும். விளையில் ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் கயிறு மாட்டி வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனால், அடுத்த முறை அது வராது. நடுநடுவே கூப்பிட்டுத் தலையைத் தடவிவிட்டு மறுபடி போகச் சொல்லுங்கள். ஓய்வு நேரமே இதற்கு நல்ல பழக்கமாக அமைந்துவிடுகிறது. சூசி இப்போது நான் துண்டை உதறினாலே வந்துவிடுகிறாள்.

தண்ணீர் விஷயத்தில் கொழுந்தன் ரொம்பக் கறார். நான் கேட்டைத் தாண்டுவதற்குள் கேட்பார், "மைனி, பட்டிக்கு வெள்ளம் கொண்டு வந்தீளா?" அண்ணி, நாய்க்குத் தண்ணீர் கொண்டு வந்தீர்களா என்று அர்த்தம். கிணறு இருந்தாலும் கேட்பார். சாதாரண நாளிலேயே ஒரு நாய்க்கு ஒரு கிலோ எடைக்கு 50, 60 மில்லி தண்ணீர் வேண்டும். சூசியின் 31 கிலோவுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல், ஓடும் நாளில் இன்னும் அதிகம். ஓடி வந்த வேகத்தில் ஒரு வாளியைக் காலி செய்யவிடாதீர்கள். பெரிய நாய்களுக்கு வயிறு உப்பி முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. ஒரு டம்ளர் அளவு, இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு டம்ளர். அவரவர் நாய்க்கு அவரவர் கிண்ணம். மோரில் உப்புப் போட்டுக் கொடுப்பது, குளுக்கோஸ் கரைப்பது எதுவும் தேவையில்லை, வெறும் தண்ணீர் போதும். தேங்கிய குட்டையில் மட்டும் வாய் வைக்க விடக்கூடாது. எலிக்காய்ச்சல் அங்கிருந்துதான் வருகிறது, நமக்கும் சேர்த்து.

விளையாட்டா, வம்பா

முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கினால் அது அழைப்பு. துரத்துகிறது, பிறகு தானே துரத்தப்படுகிறது என்று மாறி மாறி நடந்தால் நல்ல விளையாட்டு. மூன்று சேர்ந்து ஒன்றையே விரட்டினால், அந்த ஒன்று வாலை அடிவயிற்றில் செருகிக்கொண்டு ஓடினால், அது விளையாட்டு இல்லை. சந்தேகம் வந்தால் விரட்டுகிறவனைப் பிடித்துக்கொண்டு ஓடியவனை விட்டுப் பாருங்கள். அவன் திரும்பி வந்து வம்புக்கு இழுத்தால் சரி, தொடரட்டும். வேலியோரம் போய் ஒண்டினால் அவனுக்கு அன்று போதும்.

சண்டை மூண்டால் நடுவில் கையைக் கொடுக்காதீர்கள். கழுத்துப் பட்டையைப் பிடிக்கப் போகிறவர்தான் கடி வாங்குகிறார். ஒரு வாளித் தண்ணீர் எப்போதும் தயாராக இருக்கட்டும், முகத்தில் வீசினால் பாதி சண்டை ஓயும். ஓயாவிட்டால் இரண்டு ஆள், ஆளுக்கொரு நாயின் பின்னங்கால் இரண்டையும் பிடித்துத் தள்ளுவண்டி மாதிரி பின்னால் இழுக்க வேண்டும். யாருக்காவது பல் பட்டுவிட்டால், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் சரி, கீறல் சின்னதானாலும் சரி, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணி பார்த்துப் பதினைந்து. மஞ்சள் பொடி, சுண்ணாம்பு எதுவும் அப்பாமல் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வேலை பார்த்த வருடங்களில் வெறிநாய்க்கடி நோய் முற்றி வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அறிகுறி தெரிந்த பிறகு எங்களால் செய்ய முடிந்தது எதுவும் இல்லை.

விழுந்துவிட்டால்

சூசி சரிந்த அன்று கூட இருந்தவர்கள் எல்லோரும் ஆட்டோவைக் கூப்பிடு, மார்த்தாண்டத்துக்குக் கொண்டு போ என்றார்கள். நான் முதலில் வாளியை எடுத்தேன். சூட்டை இறக்குவது முதலில், பயணம் அப்புறம். சூடு ஏறிய உடம்பை அப்படியே ஆட்டோவில் வைத்து அரை மணி நேரம் ஓடினால், அந்த அரை மணியும் உள்ளே வெந்துகொண்டுதான் இருக்கும்.

நிழலுக்கு இழுத்து, கிணற்றுத் தண்ணீரை அடிவயிறு, தொடை இடுக்கு, அக்குள், பாதம், முதுகு என்று வாளி வாளியாக ஊற்றினோம். ஒருவர் ஊற்ற, ஒருவர் ஓலை விசிறியால் விடாமல் வீச வேண்டும். காற்றும் தண்ணீரும் சேர்ந்தால்தான் சூடு இறங்கும். ஈரத் துண்டால் போர்த்தி வைக்காதீர்கள். சற்று நேரத்தில் அந்தத் துண்டே சூடாகிப் போர்வையாகிவிடும். மூக்கில் தண்ணீர் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தள்ளாடும் நாயின் வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, நுரையீரலுக்குப் போகும். தானாகத் தலையைத் தூக்கி நக்கினால் கொடுக்கலாம். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்து ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தேன். 103-க்கு வந்ததும் ஊற்றுவதை நிறுத்தினேன். அதற்கு மேல் போனால் சூடு அளவுக்கு மீறி இறங்கிவிடும். தெர்மாமீட்டர் இல்லாதவர்கள், நாய் தலையைத் தூக்கி, இளைப்பு தணியும்வரை ஊற்றுங்கள்.

அப்புறம் மருத்துவரிடம் போயே ஆக வேண்டும், எழுந்து வாலாட்டினாலும். அன்று நாங்கள் போன இடத்தில் நாய் நன்றாகத்தானே நிற்கிறது, வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று முதலில் சொன்னார்கள். நான் தெர்மாமீட்டர் குறிப்பைக் காட்டி, ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று நின்றேன். சிறுநீரக அளவு ஏறியிருந்தது. இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உள்ளுறுப்புப் பாதிப்பு ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். ரத்த வாந்தி, கறுத்த மலம், கோலா நிறத்துச் சிறுநீர், தோலில் சிவப்புப் புள்ளிகள் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்புங்கள். மருத்துவர் எத்தனை மணி வரை இருப்பார், ஞாயிற்றுக்கிழமை யார் இருப்பார் என்று விளைக்குப் போவதற்கு முந்தின நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

காரில் வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வழியில் பழம் வாங்க, ஏடிஎம்மில் பணம் எடுக்க என்று நாயைப் பூட்டிய காரில் விட்டுப் போகாதீர்கள். வெளியே 30 டிகிரி என்றால் பத்து நிமிடத்தில் உள்ளே 40-ஐத் தொட்டுவிடும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் இல்லை.

திரும்பும் முன்

அவரவர் நாயின் மலத்தை அவரவர் அள்ள வேண்டும். நம் ஊரின் நிழலான ஈர மண்ணில் நாயின் கொக்கிப்புழு நன்றாக வளரும். செருப்பில்லாமல் நடக்கும் பிள்ளைகளின் பாதத் தோலுக்குள் அதன் புழுக்குஞ்சு நுழைந்து, கோடு கோடாக அரிக்கும். அந்தக் கோடுகளோடு எத்தனையோ பிள்ளைகள் எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கிறார்கள். வேலியோரம் ஒரு மண்வெட்டியும் ஆழமான குழியும் வைத்திருக்கிறோம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எல்லா நாய்க்கும் ஒரே வாரத்தில் பூச்சி மருந்து கொடுக்கிறோம். ஒன்றுக்குக் கொடுத்து மற்றதற்கு விட்டால் பயன் இல்லை.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பாட்ட அவசரம் வேண்டாம். முதலில் உண்ணி பாருங்கள். காதின் உள்மடிப்பு, கழுத்துப் பட்டைக்கு அடியில், விரல் இடுக்கு, அக்குள், வாலடி. விரலால் எதிர்முடியாகத் தடவினால் பயறு மாதிரி தட்டுப்படும். சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் தொட்டு வைப்பது, ஊதுபத்தியால் சுடுவது எல்லாம் வேண்டாம். உண்ணிக் காய்ச்சல் நம் மாவட்டத்து நாய்களை நிறையக் கொல்கிறது. இரண்டு நாள் சாப்பாடு ஒதுக்கி, ஈறு வெளுத்திருந்தால் ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டு போங்கள். ஆனி, ஆடி மழையில், இடவப்பாதி என்று பெரியவர்கள் சொல்கிற காலத்தில், மலையோர விளைகளில் அட்டையும் சேரும். மூக்குத் துளைக்குள் பார்க்க மறக்காதீர்கள், நாய் ஓயாமல் தும்மினால் அதுதான் காரணமாக இருக்கும். உப்புத் தண்ணீர் நனைத்த துணியை வெளியே தெரியும் அட்டைக்கு வைக்கலாம். மூக்குக்குள் போனதை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

பாதத்தின் அடியையும் விரித்துப் பாருங்கள், சரல் குத்தியிருக்கும், தோல் உரிந்திருக்கும். ஒரு மணி நேரம் கழித்து, இளைப்பு முழுக்க அடங்கிய பிறகு சாப்பாடு. அன்று மத்தியானம் அது எத்தனை முறை சிறுநீர் கழித்தது, என்ன நிறம் என்று ஒரு கண் வைத்திருங்கள். சூசி இப்போதெல்லாம் பத்து மணிக்குச் சோறு தின்றுவிட்டு, அடுக்களை வாசலில் வயிறு தரையில் படப் படுத்து, மூன்று மணி வரை அசைய மாட்டாள். எழுந்ததும் நேரே தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போகிறாளா என்று பார்த்த பிறகுதான் நான் மத்தியானத் தூக்கத்துக்குப் போவேன்.